ஏழாவது வாட்ச்

இதை எழுதக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். ஆனாலும் எழுதுகிறேன். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அவள் இடது மணிக்கட்டை வந்து பார்க்கலாம். தழும்பு இன்னும் இருக்கிறது.

எனக்கு வாட்ச் பைத்தியம். கடையில் கிடைக்கிற வாட்ச் அல்ல. பிரான்ஸில் எந்தக் கம்பெனியிலும் சேராமல், தனியாளாக உட்கார்ந்து, ஒவ்வொரு பற்சக்கரத்தையும் கையாலேயே செய்கிறவர்கள் சிலர் உண்டு. அப்படி ஒரு கிழவரிடம் சொல்லிவைத்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்தேன். வாழ்நாளில் அவர் செய்து முடித்தது ஆறே ஆறு. ஏழாவது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11.20. வாசலில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. பெட்டி மேல் ஸ்டாம்ப் இல்லை, முகவரி இல்லை. ஆசை கண்ணை மறைத்தது. பிரித்தேன்.

அவருடைய வாட்ச்தான். பின்பக்கம் கையெழுத்து, 7 என்ற எண். ஆனால் தோல் பட்டை யாருடைய கைக்கோ வளைந்து பழகியிருந்தது. மூன்றாவது ஓட்டை மட்டும் விரிந்திருந்தது. கண்ணாடியில் லேசாக ஆவி. துடைத்தேன். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது. தானாக மறைந்தது... படிந்தது... மறைந்தது.

"என்னங்க, மூச்சு விடுது?" என்று மனைவி சிரித்தாள்.

"வெளியில வெயில். உள்ள ஏசி. அவ்வளவுதான்."

"நாலு வருஷமா என்னைவிட இதைத்தானே நெனச்சுட்டிருந்தீங்க? குடுங்க. முதல்ல நான்தான் கட்டுவேன்."

மூன்றாவது ஓட்டையில் மாட்டிக்கொண்டாள். தொளதொளவென்று இருந்தது. வளையல் மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மணி 2.10. பட்டப்பகல். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க... இது இறுக்குது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். அதே மூன்றாவது ஓட்டைதான். ஆனால் பட்டைக்கடியில் என் நகம்கூட நுழையவில்லை.

டிக்... டிக்... டிக்...

பக்கிளை இழுத்தேன். அசையவில்லை.

"விரல் மரத்துப்போச்சுங்க..."

நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி. வேகவேகமாகப் படிந்தது... மறைந்தது... படிந்தது...

"வெட்டுங்க!"

கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு நொடி தயங்கினேன்.

அந்த ஒரு நொடியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

வெட்டினேன்.

டிக் சத்தம் நின்றது.

மணி 2.14.

வாட்சைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கே கிழவருக்குக் கோபமாக ஒரு மெயில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து அவர் மகளிடமிருந்து பதில் வந்தது.

"அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தோம். உங்கள் வாட்சை முடித்துவிட்டார். ஆனால் அதைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. கையிலிருந்து கழற்றாமல் புதைக்கச் சொன்னார். அப்படியே செய்தோம். எங்களை மன்னித்துவிடுங்கள்.

"நாங்கள் உங்களுக்கு எதையும் அனுப்பவில்லை."