பூட்டிய பங்களாவுக்கு முன்னால்

அப்பாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், நெஞ்சில் சளி. நனையவே கூடாது என்று தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் இரண்டு முறை சொல்லியிருந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக, கொட்டும் மழையில் பஸ் ரோட்டுக்கு அவரை நடத்திக் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு குடை.

தோட்டத்தை நடத்திய துரையின் பங்களா வேலி தொடங்கியதும் அப்பா தன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துரைக்கு முன்னால் தொழிலாளி குடை பிடிக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்.

"கொடைய விரிங்கப்பா. தோட்டத்த அரசாங்கம் எடுத்து, தொர சீமைக்குப் போயி எட்டு மாசமாச்சு. பங்களா பூட்டிக் கெடக்கு."

"தொர போனா என்ன? பங்களா இருக்குல்ல."

என் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"வாத்தியாரு வேல கெடச்சா மரியாத மறந்து போயிருமாடா?"

அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தத் துரை இந்த மலையில் இருந்தது பதினொரு வருஷம். அப்பா துரைமாருக்குக் குனிந்து நின்றது நாற்பது வருஷம். ஆள் கப்பலேறிப் போன பிறகும் அவனுடைய பூட்டிய கதவு காய்ச்சல்காரரை நனைய வைத்தது.

வேலி நெடுக மனதுக்குள் துரையைத் திட்டினேன், அப்பாவையும் திட்டினேன். என் வழக்கப்படி அடிகளையும் எண்ணிக்கொண்டு வந்தேன். நூற்று நாற்பத்திரண்டாவது அடியில் வேலி முடிந்தது. அப்பா குடையை விரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் விரிடா. நனையிற."

அப்போதுதான் பார்த்தேன். என் குடையும் மடங்கி என் கக்கத்தில் இருந்தது. எத்தனையாவது அடியில் மடக்கினேன் என்று தெரியவில்லை.