கங்கோங் தோட்டத்துக் கச்சேரி

என் வீட்டுக்காரருக்குப் பாட வராது. சிரங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எருமைத் தொழுவங்களை ஒட்டிய ஈர நிலத்தில் கங்கோங் கீரை பயிரிட்டு வந்தார். ஆனால் எங்காவது நாதசுரம் கேட்டால் போதும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். நான் ஒருத்தியாகக் கீரையைக் கட்டி முடிப்பேன், திட்டிக்கொண்டே.

ஒரு தை மாதம் அறுத்து முடித்த பாத்தியில் மூங்கில் நட்டுப் பந்தல் போட்டு, மூன்று நாள் இசை விழா என்று அறிவித்துவிட்டார். "கீரைக்காரனுக்கு ராகம் ஒரு கேடா?" என்று கடைத்தெருவே சிரித்தது. சிரித்தவர்கள்தான் முதலில் வந்து இடம் பிடித்தார்கள். மறு வருடம் டோபி காட் சலவைத் துறையிலிருந்து சலவைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நாதசுரக்காரரே கப்பலேறி வந்தார்.

ஆறாம் வருடம், விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் கொயினா மாத்திரைகளை என் கையில் தந்து, "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மேல குடுத்துடாதம்மா" என்றார். வீட்டில் இவர் கட்டிலே ஆடும்படி நடுங்கினார். எனக்கு உயிரே இல்லை. நடுங்கியபோதெல்லாம் ஒன்று கொடுத்தேன்.

காய்ச்சல் விட்டது. காது போய்விட்டது. "உள்ள வண்டு கத்துது புள்ள" என்றார். கொயினா அதிகமானால் அப்படி ஆகும் என்றார் மருந்து கொடுத்தவர். எத்தனை கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். சொன்னபடிதான் என்று பொய் சொன்னேன். பாவி நான்.

விழா வேண்டாம் என்று கையை ஆட்டிச் சொல்லிப் பார்த்தேன். இவர் கேட்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நாதசுரக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சனம் தலையாட்டியபோது தானும் ஆட்டினார், கொஞ்சம் தாமதமாக.

திடீரென்று எழுந்து நின்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினார்: "எல்லாரும் கேளுங்க! நான் இன்னிக்கு உசுரோட இருக்கேன்னா, என் பொண்டாட்டி குடுத்த மருந்துதான்!" வாத்தியம் நின்றுவிட்டது. பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "நான்தாங்க அதிகமாக் குடுத்துட்டேன். என்னாலதாங்க உங்க காது போச்சு" என்று கதறினேன்.

அவர் என் வாயையே பார்த்தார். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அவ்வளவு நல்லாவா வாசிச்சாரு?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.