ராமுத்தாய் கொடுத்த தாழி

சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பொதுவாக விருதுநகரில் ஒரு காட்சிசாலை திறந்தபோது, மல்லாங்கிணறு ராமுத்தாய் ஒரு பெரிய தாழியைக் கொடுத்தாள். மாமனார் காலத்தில் புஞ்சையில் கிடைத்தது. வீட்டுக் கம்பு முழுக்க அதில்தான் கிடக்கும். பழங்காலத்துச் சாமான் என்று சொல்லி வந்து கேட்டார்கள். என்ன சாமான் என்று அவள் கேட்கவில்லை.

பெருமை தாங்காமல் சம்பந்தி முத்துப்பேச்சியைக் கூட்டிப் போய்க் காட்டினாள்.

"எம் பேரையே எழுதியிருக்காகளாம் மதினி!"

இருவருக்கும் படிப்பு கிடையாது. காவலாளிதான் அட்டையைச் சத்தமாக வாசித்தார். "இறந்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த தாழி. வழங்கியவர், மல்லாங்கிணறு ராமுத்தாய்."

முத்துப்பேச்சி மோவாயில் கை வைத்தாள். "ஏ மதினி, போன மாசம் கம்பஞ்சோறு போட்டீகளே, அந்தக் கம்பு இதுலயா கெடந்துச்சு?"

"சேச்சே, அது வேற பானை."

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். அடியில் நாலு கம்பு மணி ஒட்டியிருந்தது. தாழிக்கு ஒரு கும்பிடு போட்டாள். ராமுத்தாய்க்குத் தலை நிமிரவில்லை.

மருமகளைப் பிரசவத்துக்கு ராமுத்தாய் வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டுதான் வந்தாள். கையில் சோற்றுத் தூக்குவாளி இருந்தது.

"வயித்துக்குச் சரியில்ல மதினி, தப்பா நெனைக்காதீக."

தண்ணியாவது குடிங்க என்று சொல்ல ராமுத்தாய்க்கு வாய் வரவில்லை.