சித்தி சீனி போட்ட புற்று

நசுங்கிய எறும்பின் புளித்த நெடி மூக்கில் பட்டால் எனக்குக் கேமரன் மலைக் குளிரும், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையும், அங்கே என்னைக் கட்டிக்கொண்டு படுத்த சித்தியும்தான் நினைவுக்கு வரும். எழுபதுகளின் கடைசி அது. வீட்டில் கதவுள்ள அறை ஒன்றே ஒன்று. அதில் அப்பாவும் அம்மாவும். சித்தப்பா முன்னறையில் என் அண்ணன்மாரோடு, சித்தி சமையலறையில் என்னோடு. இது அம்மா போட்ட சட்டம். சித்திக்குப் பிள்ளை பிறந்தால் கொழுந்து வெட்ட ஒரு கை குறையும் என்று அவருக்குப் பயம். இப்படியே சில வருஷம் போக, லயத்துப் பெண்கள் சித்தியை "மலடி" என்றார்கள். புருஷனை ஓர் அறையிலும் பெண்டாட்டியை ஓர் அறையிலும் படுக்கவைத்துவிட்டு வயிற்றைக் குறை சொன்னால் என்ன நியாயம்?

"எறும்புக்குச் சீனி போடுலா, வயிறு தெறக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி, சித்தி கொல்லைப்புறத்துப் புற்றில் தினமும் ஒரு சிட்டிகை தூவினார். எறும்பு பெருகி அரிசி டின்னுக்குள் வந்ததும் அம்மா மண்வெட்டியை எடுத்துப் புற்றைத் தோண்டினார். அடியில் கிடந்த பருத்த எறும்பைக் காலால் தேய்த்தார்.

"இதுதான் பெத்துப் போடுறவ. இனிமே ஒண்ணும் பொறக்காது."

சித்தி அன்று சாப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, மழை விட்ட ஒரு மாலையில், அதே புற்றிலிருந்து சிறகு முளைத்த எறும்புகள் கூட்டமாகப் பறந்தன. பார்த்துக்கொண்டே நின்ற சித்தி, அதுவரை யாரிடமும் எதையும் கேட்டிராதவர், நேரே அம்மாவிடம் போனார்.

"அக்கா, பெரிசு செத்தும் அதுங்களுக்குப் பொறக்குதுலா. அந்த ரூம எங்களுக்கு விடுங்க."

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார். கதகதப்பான சித்தி போய்விட்டாரே என்று எனக்குத்தான் அழுகை.

பின்னாளில் உயிரியல் ஆசிரியையான பிறகே விஷயம் விளங்கியது. ராணி எறும்பின் வாசம் புற்றில் இருக்கும்வரை வேலைக்கார எறும்புகள், அவையும் பெண்கள்தான், பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. ராணி செத்து வாசம் போனால் சில இனங்களில் அவை முட்டையிடும். ஆணோடு சேராமல் இட்ட முட்டை. அதிலிருந்து சிறகுள்ள ஆண் எறும்பு மட்டுமே பிறக்கும். ஆண்கள் இரை தேடுவதில்லை. உழைக்கப் பெண்கள் பிறக்காததால் புற்று மெல்ல அழியும். சித்தி நல்ல சகுனமாகக் கண்டது அந்தப் புற்றின் கடைசிப் பிள்ளைகளை.

லயத்தை இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. போன மாதம் சித்தி இப்போது இருக்கும் கம்போங் ராஜாவுக்குப் போனபோது, அவர் வாசலில் சீனி தூவிக்கொண்டிருந்தார்.

"எறும்புதான் எனக்கு வழி காட்டுச்சு" என்றார்.

நானும் ஒரு சிட்டிகை வாங்கித் தூவினேன். ராணி இல்லாத அந்தப் புற்றுக்குக் கடைசிவரை ஒரு மகள் பிறந்திருக்க மாட்டாள். சித்தியின் மகள் உள்ளேயிருந்து, "அக்கா, தேத்தண்ணி கலக்கவா?" என்று கேட்டாள்.