‘புரியுதா?’ என்று கேட்கிற வேலை

போனில் வேதியியல் சந்தேகம் தீர்க்கிற வேலையில் தொண்டை வறளும், காது சூடேறும், ஆனால் யாரிடமாவது பேசின மாதிரி மட்டும் இருக்காது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் சக கஷ்டக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கான ஒரு ஆப். பாடத்தில் சந்தேகம் வந்தால் பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தும். எந்தெந்த ஊரிலோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருக்கும் எங்களில் யாராவது ஒருவருக்கு அந்த அழைப்பு வந்து விழும். நான் காத்திருப்பது நெய்வேலியில், ஒரு குவார்ட்டர்ஸின் உள்ளறையில். கதவு சாத்தி, திரை இழுத்து, சத்தம் கேட்குமென்று ஃபேனையும் நிறுத்தி. திருவதிகைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்தவள் என்பதால் தமிழ் மீடியம் பிள்ளைகள் எனக்கு. பாடம் தவிர ஊர், வீடு, சோறு எதுவும் பேசக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம்.

வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. அவர் வரும்போது நான் லைனில் இருப்பேன், நான் லைனை விட்டு எழுந்தால் அவர் தூங்குவார். பாப்பாவுக்கு மூன்று வயது. மிச்சமிருப்பது பக்கத்து குவார்ட்டர்ஸ். எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர். ரொம்ப நாளாகப் பூட்டிக்கிடந்த அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. குக்கர் விசில் கேட்டது, துணி துவைக்கும் சத்தம் கேட்டது. இனி பேச ஒரு ஆள் கிடைத்தாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வந்து ரெண்டு மாசம் ஆகியும் அந்த அம்மா என் கதவைத் தட்டவில்லை. புதுசாக வந்தவர்கள்தானே முதலில் வர வேண்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு.

ஷிப்ட் பஸ்

இயங்கு சமநிலை என்று ஒரு பாடம். மூடின சோடா பாட்டிலைப் பார்த்தால் உள்ளே எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீரிலிருந்து வாயு மேலே போய்க்கொண்டே இருக்கும், அதே வேகத்தில் மேலேயிருக்கும் வாயு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். போவதும் வருவதும் சமம் என்பதால் அளவு மாறாது. இதைச் சோடாவை வைத்து மூன்று விதமாகச் சொல்லியும் அந்தப் பையன் “ம்ம்” என்றே சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் பஸ் போகிற சத்தம் கேட்டது. அதையே பிடித்துக்கொண்டேன். “தம்பி, எங்க ஊர்ல ஒரு பெரிய சுரங்கம் இருக்கு. ஒரு ஷிப்ட் ஆளுங்க பஸ்ல உள்ள போவாங்க, அதே அளவு ஆளுங்க பஸ்ல வெளிய வருவாங்க. எப்ப எண்ணினாலும் உள்ள அதே அளவு ஆளுதான். ஆனா அதே ஆளு கிடையாது. புரியுதா?” சொல்லும்போதே அந்த வெளியே வருகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் இருப்பார், அவர் வந்து சாப்பிட்டுப் படுக்கும் வரை நான் இங்கே சமநிலை நடத்திக்கொண்டிருப்பேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. கடைசியில் பையன் தெளிவடைந்த குரலில் கேட்டான்:

“அப்ப உள்ள யாரும் வேலை பாக்கறதில்லையா மிஸ், பஸ்ல ஏறி எறங்கிக்கினேதான் இருப்பாங்களா?”

மயில்

டவுன்ஷிப்பில் மனிதர்களைவிட மரம் அதிகம், மரத்துக்கு மரம் மயில். பார்க்க அழகுதான். தொண்டையைத் திறந்தால் யாரோ யாரையோ காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டு முருங்கைக்குக் கீழே ஒன்று உண்டு. நான் ‘வெப்பம் கொள் வினை’ என்று ஆரம்பித்தால் போதும், அதுவும் ஆரம்பித்துவிடும்.

சென்னையிலிருக்கும் டீம் லீடர் மேடம் என் அழைப்புகளை ஒட்டுக்கேட்டு மார்க் போடுகிறவர். முகம் பார்த்ததில்லை. என்னோடு கொஞ்சம் நீளமாகப் பேசுகிற ஒரே பெரிய ஆள் அவர்தான் என்பதால், திட்டக் கூப்பிட்டாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும். அன்றைக்குப் பின்னணிச் சத்தம் பற்றி விசாரித்தார். “மயில்ங்க மேடம்” என்றேன். பிறகு சொன்னார்:

“குழந்தை அழுவுது, மிக்சி ஓடுதுன்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க, பொய் சொல்றதுக்கு மயில் வரைக்கும் போனது நீங்க ஒருத்தர்தான்.”

கடுகும் கேழ்வரகும்

நான் லைனில் இருந்தபோது பாப்பா சத்தமில்லாமல் விளையாடினாள். பெற்றவர்களுக்குத் தெரியும், பிள்ளை சத்தமில்லாமல் விளையாடினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். நான் போகவில்லை. கடுகு டப்பாவையும் கேழ்வரகு டப்பாவையும் ஒரே தட்டில் கவிழ்த்து, இரண்டு கையாலும் பிசைந்து வைத்திருந்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, முறத்துக்கும் சல்லடைக்கும் பிடிபடாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கியபடியே அடுத்த அழைப்பை எடுத்தேன்.

ஒரு பெண். இரண்டு வாயுக்களை ஒன்றாக விட்டால் தானாகக் கலக்கின்றன, ஏன் தானாகப் பிரிவதில்லை என்பது அவள் சந்தேகம். எனக்கு உதாரணம் மடியிலேயே இருந்தது. “கலந்து கெடக்கறதுக்கு எத்தனையோ விதம் இருக்கும்மா. கடுகெல்லாம் ஒரு ஓரம், கேழ்வரகெல்லாம் ஒரு ஓரம்னு நிக்கிறதுக்கு வழி ரொம்பக் கம்மி. குலுக்கினா எது அதிகமோ அதுலதான் போய் விழும். அந்தத் தாறுமாறோட அளவுதான் என்ட்ரோபி. பிரிக்கணும்னா வெளியேருந்து யாராவது வேலை செய்யணும். புரியுதா?” அவள் கெட்டிக்காரி. தட்டில் கடுகு விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்ன சத்தம் என்று கேட்டாள். சட்டத்தை மீறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அப்ப தட்டுல என்ட்ரோபி கொறைய கொறைய உங்களுக்கு வேர்த்துக் கொட்டி ரூம்ல அது ஏறிடும் மிஸ், வுட்டுட்டு ரெண்டையும் சேத்து அரைச்சுடுங்க.”

வேறு சந்தேகம்

சில பிள்ளைகளின் குரலிலேயே வீடு தெரிந்துவிடும். பின்னால் டிவி ஓடும், ஆடு கத்தும், யாரோ “இன்னும் போனா” என்று அதட்டுவார்கள். இந்தப் பிள்ளைக்குப் பின்னால் எதுவுமே கேட்காது. உப்புக் கரைசல் ஏன் தண்ணீரைவிட அதிகச் சூட்டில் கொதிக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். புரிந்தது என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

“மிஸ், சாப்டீங்களா?” என்றாள். மணி மதியத்தைத் தாண்டியிருந்தது. நான் சாப்பிடவில்லை. காலையிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவும் இல்லை. வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டு, ஆபீஸில் பழக்கிவிட்டபடி, “வேறு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

“அதான் மிஸ் சந்தேகம்.”

யார்டிலிருந்து ஒரு மாணவர்

டூட்டி நேரத்தில் என் சொந்த போனை அணைத்துவிட வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒருநாள் பகல் ஷிப்டில் என்னிடம் ஏதோ சொல்லத் தோன்றியிருக்கிறது. மனுஷன் யோசித்து, தன் அக்கா மகளின் கணக்கில் நுழைந்து, எங்கள் ஆப்பில் ‘வேதியியல் சந்தேகம்’ பொத்தானை அழுத்திவிட்டார். அழுத்தினால் நான்தான் எடுப்பேன் என்று நினைப்பு. எடுத்தது யாரோ ஒரு சார்.

போனை வைத்துவிட்டு வராமல், சார் கேட்ட மரியாதைக்கு ஒரு சந்தேகத்தையும் கேட்டிருக்கிறார். அவர் வேலை செய்வது, வெட்டியெடுத்த லிக்னைட்டை, அதாவது பழுப்பு நிலக்கரியை, குவித்து வைக்கும் யார்டில். தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்காவிட்டால் குவியல் தானாகப் புகைய ஆரம்பிக்கும், அது ஏன் என்று. காற்றோடு மெதுவாக வினை நடந்து உள்ளே சூடு பிறக்கிறது, குவியலுக்குள் அடைந்துகிடப்பதால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை, சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பற்றிக்கொள்ளும் என்று சார் பொறுமையாக விளக்கியிருக்கிறார். சாயந்திரம் வந்து இதையெல்லாம் எனக்கே நடத்தினார். உள்ளேயே கிடந்தால் நானும் அப்படித்தான் பற்றிக்கொள்வேன் என்றேன். சிரித்தார். அப்புறம் என்னிடம் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். மறந்துபோயிருந்தார்.

“ஆனா அந்த சாரு நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாரு, சந்தேகம் இருந்தா நீயும் ஒரு போன் போட்டுக் கேளு.”

எரியாத நோட்டு

தன்னிச்சைச் செயல்முறை என்றால், வெளியிலிருந்து யாரும் ஓயாமல் தள்ளாமல் தன் போக்கில் நடக்கக்கூடியது. தாள் எரிவதும் அதில் சேர்த்தி. “அப்புறம் ஏன் மிஸ் என் நோட்டு எரியாம இருக்கு?” என்றான் ஒரு பையன். நியாயமான கேள்வி. “எரியறதுக்கு நோட்டுக்கும் இஷ்டம், காத்துக்கும் இஷ்டம்தான் தம்பி. ஆனா மொதல்ல ஒரு தீக்குச்சி வேணும். நடுவுல ஒரு மேடு இருக்கு, அத ஏறித் தாண்டிட்டா அப்புறம் தானா நடக்கும். மேட்ட ஏத்தி வுட ஆளில்லன்னா வருஷக்கணக்குல அப்படியேதான் கெடக்கும். புரியுதா?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டது. வெங்காயம், கறிவேப்பிலை. ஒரு கை நீட்டினால் தொட்டுவிடலாம், நடுவே ஒரு செங்கல் அகலம்தான். அதற்கு முன்பே ஒருநாள் கொஞ்சம் அவரைக்காய் எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. திரும்பி வந்து அவரைக்காயை நானே பொரியல் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு வீம்பு இன்னும் கூடிப்போயிற்று. இது எதுவும் தெரியாத அந்தப் பையன் சொன்னான்:

“ரெண்டு பக்கமும் இஷ்டம் இருந்தும் நடக்கலன்னா, அது ரொம்பப் பாவம் மிஸ்.”

சத்தம் நின்ற நாள்

மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தது. காலையிலிருந்து இணைப்பு இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பேசிப் பேசி அலுத்த வாய்க்கு ஓய்வு என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அந்த அமைதி பிடிக்காமல் போய்விட்டது. பாப்பா தூங்கி எழுந்தாள். மயில்கூடக் கத்தவில்லை. போன் வழியாகவாவது நாலு குரல் வந்துகொண்டிருந்ததே, இப்போது அதுவும் இல்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டும் சத்தம். பாப்பாதான் ஓடினாள். “அம்மா, போன்ல பேசுறவங்க வந்துட்டாங்க” என்று கத்தினாள். வாசலில் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா. என் வயதுதான் இருக்கும். முகத்தில் பயம். “ஒடம்புக்கு ஏதும் முடியலயாக்கா? காலையிலேர்ந்து ஒங்க சத்தமே கேக்கல. எனக்கு மனசே சரியில்ல” என்றாள். பேச்சில் திருநெல்வேலி. பெயர் செல்வி, வீட்டுக்காரர் பவர் பிளாண்ட்டில். உட்காரவைத்து, கேபிள் அறுந்ததைச் சொன்னேன். அப்புறம் வாயை அடக்க முடியாமல், “இத்தினி நாளா ஏங்க வரல?” என்று கேட்டுவிட்டேன்.

“நான் எங்க வர?” என்றாள். “எந்நேரமும் யார்கூடயாவது பேசிட்டே இருக்கிய. தம்பிங்கிய, அம்மாங்கிய. பெரிய கூட்டுக் குடும்பம், வீடு நெறய ஆளு, நமக்கு எங்க நேரம் ஒதுக்கப் போறாங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் பேச ஆளில்ல.” நான் அறைக்குள் கூட்டிப்போய் அந்த நாற்காலியையும் ஹெட்போனையும் காட்டினேன். அவ்வளவுதான் என் கூட்டுக் குடும்பம். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு நேர் அந்தப் பக்கம்தான் அவள் அடுப்படி.

“நீங்க புரியுதா புரியுதான்னு கேப்பீங்கல்லா, அத்தன பேர்ல ஒருத்தரும் பதில் சொல்ற மாதிரி கேக்காதுல்லா, அதான் பாவம்னு நானே இந்தப் பக்கம் நின்னு ம்ம்னு சொல்லுவேன்க்கா.”

இப்போதெல்லாம் நான் ‘புரியுதா?’ என்று கேட்கும்போது பிள்ளைகள் பேசாமல் இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு விழும், அது என்ன சத்தம் என்று கேட்கிற டீம் லீடர் மேடத்திடம் அதையும் மயில் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.