கண்ணாடியில் வந்தவள்

செம்பூரில் ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். மதியம் குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கி, தாராவியில் ஒரு சர்ச்சுக்குச் சொந்தமான மாடி அறைக்குப் போய்விடுவேன். ஏழாவது, எட்டாவது படிக்கிற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே வருவார்கள். பாடம் நடத்துவதில்லை. அந்த வாரம் இணையத்தில் எனக்கு வேடிக்கையாகப் பட்டதைக் காட்டுவேன். டி.வி. ரிமோட்டை அமுக்கினால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மொபைலின் முன்பக்கக் கேமராவில் தெரியும். இந்த நிமிடம் தலைக்கு மேல் எந்தச் செயற்கைக்கோள் போகிறது என்று சொல்கிற தளம் ஒன்று இருக்கிறது. இப்படி. வீட்டுக்கு வந்ததும் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்திக்கு மாற்றிப் படித்துக்கொள்வார்கள்.

ஒரு மழைக்காலச் சனிக்கிழமை, ஆளுக்கொரு கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மங்கலான வெளிச்சத்தில் நம் முகத்தையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், சில நிமிடங்களில் அது வேறு முகமாக மாறும். கண் களைத்துப்போய் விவரங்களை விட்டுவிடுகிறது, விட்ட இடத்தை மூளை தன்னிஷ்டத்துக்கு நிரப்புகிறது. இதை எழுதியிருந்த கட்டுரையை ரயிலில் படித்தபோது எனக்கே குதூகலமாக இருந்தது.

ஜன்னல்களைச் சாத்தி, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டேன். முதலில் ஒரே சிரிப்பு. இரண்டு நிமிடத்தில் சிரிப்பு நின்றது. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். ஒருத்தன் "ஆட்டு மூஞ்சி" என்றான். ஒருத்தி கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். போதும் என்று ஜன்னலைத் திறந்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழவில்லை. எட்டாவது படிப்பவள், அதிகம் பேசாதவள். கிட்டே போய் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"எங்க அக்கா வந்திருந்தா மிஸ்."

அவளுடைய அக்கா முந்தின வருடம் காய்ச்சலில் இறந்துபோனது எனக்குத் தெரியும். மூளை நிரப்புகிற கதையையே இன்னொரு முறை சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு. அந்தச் சின்ன பல்பு மட்டும் எரிந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கண்ணாடியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே சர்ச் காவல்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லி அரை மணி முன்னாலேயே சாவி வாங்கியிருக்கிறாள். நான் உள்ளே வந்தபோதும் அவள் திரும்பக்கூட இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் மிஸ். இன்னிக்கு கிட்ட வந்துட்டா."

ஜன்னலைத் திறந்தேன். எதிர்ப் பட்டறையின் தையல் மிஷின் சத்தமும் வெளிச்சமும் சேர்ந்து உள்ளே வந்தன. அவள் கண்கள் சிவந்திருந்தன.

"இது உன் கண்ணு செய்யற வேலைம்மா. நிஜம் இல்ல."

"தெரியும் மிஸ். நீங்க அனுப்பின லிங்க் பூரா படிச்சேன்." குரலில் பயமோ அழுகையோ இல்லை. "ஆனா அவ வாய் அசையுது. நான் வாயை இறுக்கி மூடிட்டுத்தான் இருக்கேன். அப்பவும் அசையுது."

பகல் மூன்று மணி. மூடியிருந்த மற்ற ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். வாய் அசைவதற்கும் கட்டுரையில் விளக்கம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

கண்ணாடியை என் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க நான் காட்டியது எதுவும் எனக்கே சுவைக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது, விளையாட்டாக எதைக் கொண்டுபோய் எந்த வீட்டில் வைத்துவிட்டோம் என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த வாரம் அவளுடைய அம்மா வந்தார். தோல் பைகளுக்கு உள்துணி ஒட்டுகிற வேலை செய்கிறவர். பசை காய்ந்த விரல்களோடு, மகளையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"டீச்சர், ஏதோ கண்ணாடியாமே. எனக்கும் காட்டுதியளா?"

"அது ஒரு கண்கட்டு மாதிரிதான். யாரும் வர்றதில்ல."

"அவளும் அதான் சொல்லுதா. இருக்கட்டும், நானும் ஒருக்க உக்காந்து பாக்கேன்."

மற்ற பிள்ளைகளைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினேன். அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"யாரும் வரல. என் மூஞ்சியும் போயிட்டு. கழுத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல."

அப்படியும் ஆகும் என்று நான் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மகளைப் பார்த்து, "உனக்கு மட்டும் எப்படிட்டி வாரா?" என்றார்.

அந்தப் பெண் அம்மாவின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "வாரது அவதானான்னு எனக்குத் தெரியலம்மா. அவ மூஞ்சி எனக்கு மறந்துட்டு. போட்டோவ எல்லாம் நீ பெட்டில போட்டுப் பூட்டிட்டியே."

அந்த அம்மா அழவில்லை. எழுந்து தானே ஜன்னலைத் திறந்தார். இடுப்பில் செருகியிருந்த மொபைலை எடுத்து, எதையோ நெடுநேரம் தேடினார். மூத்த மகள் போனதிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காத ஒரு வீடியோ. மூவரும் தலையைச் சேர்த்துவைத்துப் பார்த்தோம். குழாயடியில் நின்று துணி பிழிந்துகொண்டு, "எடுக்காதட்டி, போ" என்று கேமராவை விரட்டுகிற ஒரு பெண். பல்வரிசை கொஞ்சம் முன்னே நிற்க, சிரித்துக்கொண்டே விரட்டினாள். அம்மா அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நாலாவது முறை அவருக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது.

சின்னவள் சிரிக்கவில்லை. திரையை நிறுத்தி, பெரிதாக்கி, கூர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"கண்ணாடில வாரது இவ இல்ல மிஸ்."

நான் அவள் தோளில் கை வைத்தேன்.

அன்று மாலையே பெட்டியைத் திறந்துவிட்டார்கள். படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கக் கூப்பிட்டபோது பார்த்தேன். அம்மா மூத்தவளைப் பற்றி, இங்கேதான் எங்கோ கடைக்குப் போயிருக்கிற மாதிரி சாதாரணமாகப் பேசினார். சின்னவள் இப்போது பத்தாவது. எனக்கு முன்னாலேயே அவள் குழுவில் லிங்க் போடுகிறாள். பெரும்பாலும் கடலடி உயிரினங்கள், எரிமலைகள். கண்ணைப் பற்றியோ மூளையைப் பற்றியோ எதுவும் போட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் மாதுங்காவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் புருவம் போயிற்று. பிறகு கன்னம் உள்ளே ஒடுங்கியது. யாரோ ஒரு பெண், நான் அறியாதவள், என்னை நன்றாக அறிந்தவள் போலப் பார்த்தாள். காரணம் முழுக்க எனக்குத் தெரியும். வாய் அசைவதற்குள் எழுந்துவிட்டேன்.