மணையில் செய்த படகு

அப்பா ரம்பத்தை வைத்து முதல் இழுப்பு இழுத்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அறுபடுவது என்ன பலகை என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று, நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான். இன்னொன்று அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அறுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் செய்துவர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் முந்திக்கொண்டு பாய்மரப் படகு என்று பெயர் கொடுத்துவிட்டேன். கடலை நான் பார்த்ததுகூடக் கிடையாது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்து ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். "அதுக்கென்ன பாப்பா, ஜமாய்ச்சிரலாம்" என்றார். பாய்க்குப் பழைய வேட்டியைக் கிழித்து மெஷினில் தைத்துத் தருவதாக அம்மா ஏற்றுக்கொண்டாள். பலகைதான் இல்லை. "பலகைய நான் பாத்துக்கிறேன்" என்றாள் அத்தை.

மறுநாள் அப்பா முதல் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடைக்கு. அத்தை ஸ்டூலைப் போட்டு ஏறி, சமையலறை லாஃப்ட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். மேலே சுற்றியிருந்த போர்வையைப் பிரித்ததும் "ஐயோ" என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அது அத்தையின் கல்யாண மணை.

அந்த மணை எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சாமி மாதிரி. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போனபிறகு, மதுரைப் பக்கத்திலிருந்து பத்து வயதுத் தங்கையைக் கூட்டிவந்து வளர்த்தவர் அப்பா. அவளுக்கு இருபது வயதானதும், மாப்பிள்ளை யாரென்று தெரிவதற்கு முன்பே, பண்ருட்டிக்குப் போய் நல்ல பலா மரத்தில் மணை செய்யச் சொல்லி, சிவப்புப் பெயிண்டில் தாமரைக் கோலம் போட்டு வாங்கி வந்துவிட்டார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அது கீழே இறங்கும். சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிடும். நாலு வருஷமாக மாப்பிள்ளை பார்க்கும் படலமும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒருவர் உயரம் போதாது, இன்னொருவர் குரல் சரியில்லை என்று அத்தை எல்லோரையும் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடிக்கட்டைகளைக் கழற்றினாள். தினமும் அப்பாவின் சுரங்க உடுப்பைத் துவைக்கிற கல்லின் மேல் பலகையை வைத்து, கோலத்தை உப்புத்தாளால் தேய்த்தாள். உப்புத்தாள், பின் பிளாக்கில் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் அனுப்புகிற வீட்டு அண்ணன் கொடுத்தது. சிவப்பு மங்கியதே தவிரப் போகவில்லை. நானும் தேய்க்கிறேன் என்று கையை நீட்டினேன். "போதும், இருக்கட்டும்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அடுப்புக் கரியைப் பொடித்துக் கஞ்சியில் குழைத்து அந்தப் பக்கம் முழுக்கப் பூசிக் காயவைத்தாள். எங்கள் ஊரில் கறுத்துக் கிடக்கிற பலகையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அப்பாவும் கேட்கவில்லை. ஏதோ பேக்கிங் பெட்டிப் பலகை என்று அத்தை சொன்னதை நம்பிவிட்டார். அறுக்க அறுக்க மஞ்சளாகத் தூள் கொட்டியது. "நல்ல பலாவா இருக்கே! எந்த மடையன் இதை பேக்கிங் பெட்டிக்குப் போட்டான்?" என்று வியந்தார். அத்தை முருங்கைக்கீரையை உருவியபடி தலையே நிமிர்த்தவில்லை. அப்பா கண்டுபிடித்துவிடுவாரோ என்று நான் அத்தையின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனாலும் எனக்காக அத்தை தன் கல்யாண மணையையே கொடுத்துவிட்டாளே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அப்பா நாலு நாள் சாயந்தரம் உட்கார்ந்து மூக்கைக் கூராக்கினார், துளை போட்டுக் கொம்பை நட்டார், ராட்டினம் மாதிரி சுற்றுகிற ஒரு கயிற்று உருளைகூடச் செய்து பொருத்தினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நாலு பேருமாக வாய்க்காலுக்குப் போனோம். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடுகிற தண்ணீர் அதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நான்தான் படகை விட்டேன். பத்தடி போயிருக்கும். பக்கவாட்டில் ஒரு காற்று வந்தது. பாய் சாய்ந்து நனைந்து, படகு கவிழ்ந்து வயிற்றைக் காட்டியது.

"அடடே, அடியில வெயிட்டு பத்தல" என்று சிரித்துக்கொண்டே அப்பா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். படகைத் தூக்கினார். சிரிப்பு அப்படியே நின்றது. பலகையிலிருந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளங்கையால் ஒருமுறை வழித்தார். இரண்டு சிவப்புக் கோடுகள் தெரிந்தன. இன்னொரு முறை வழித்தார். அவர் கையாலேயே அறுத்த பாதித் தாமரை.

"நான் இல்லப்பா! அத்தைதான் எடுத்தாங்க!" என்று கத்திவிட்டேன். "அடிப்பாவி" என்று அம்மா கன்னத்தில் கை வைத்தாள். அத்தை ஓடவில்லை, ஒளியவில்லை. கரையில் அப்படியே நின்றாள்.

அப்பா கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்றபடி மெதுவாகக் கேட்டார். "ஏன் தாயி?"

"நான் போற வீட்டுல மணை போட மாட்டாங்கண்ணே."

அப்பா வெகுநேரம் பின் பிளாக் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கரையில், ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் படகு. அவர் வாய் கோணிக்கொண்டு நடுங்கியது. ஐந்நூறு கிலோ இரும்பைச் சங்கிலி போட்டுத் தூக்குகிற அப்பா அழுவார் என்று எனக்கு அதற்குமுன் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பயத்தில் நானும் அழுதேன். மணைகூட இல்லாத வீடா, அவ்வளவு ஏழைகளா, சாப்பிட எதில் உட்காருவார்கள் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் யோசித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மாதா கோயிலில் கல்யாணம். அத்தை வெள்ளைப் புடவையில் முழங்காலிட்டிருந்தாள். அப்பா உள்ளே வரவில்லை. கடைசிவரை வாசற்படியிலேயே நின்றிருந்தார். ஆனால் கல்யாணத்துக்கு வராமல் இருக்கவில்லை.

காட்டிக்கொடுத்தவள் நான்தான் என்று அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பல வருஷம் கூச்சமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வெளியூர் போய்விட்டவள் எப்போதாவது வந்தால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். பதினான்கு வருஷம் அப்பாவின் சுரங்க உடுப்பைத் துவைத்தவள் அவள். தண்ணீர் பட்டால் கரி என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் அவளைவிட யாருக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.